கம்பளக் கடையின் பெரிய எழுத்து

என் ஓரகத்தியை நான் 'ஏனக்கா' என்றுதான் கூப்பிடுவேன், முகத்துக்கு நேராகவே. என் வீட்டுக்காரரின் அண்ணன் மனைவி, வயதில் மூத்தவள், அக்கா என்று மட்டும் கூப்பிட்டாலே போதும்தான். ஆனால் அந்த 'ஏன்' இல்லாமல் அவளை நினைத்துப் பார்க்கவே முடியாது. குழாயில் தண்ணீர் நின்றுபோனால் நான் குழாயைத் திட்டுவேன். அவள் "இன்னிக்கு மட்டும் ஏன் நின்னுச்சு?" என்று மொட்டை மாடிக்கு ஏறித் தொட்டிக்குள் எட்டிப் பார்ப்பாள். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவர் கையில் கட்டுப் போட்டிருந்தால், நாங்கள் இறங்குவதற்குள் அந்தக் கை எப்படி முறிந்தது, எந்த டாக்டர் பார்த்தார், கட்டுக்குள் அரித்தால் என்ன செய்வார் என்பது வரைக்கும் அவளுக்குத் தெரிந்துவிடும். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, இவள் யாரோ நான் யாரோ என்று உட்கார்ந்திருப்பேன்.

எங்களுக்கு வீடு மேலே, கடை கீழே. கம்பளம், திரைச்சீலை, கால்மிதி விற்கும் கடை. மாமனார்தான் முதலாளி. ஏனக்காவின் கணவர் வேன் ஓட்டிச் சரக்குகளை வீடுகளில் கொண்டுபோய்ப் போடுவார். என் வீட்டுக்காரருக்கு வேறு இடத்தில் வேலை. பில் போடும் மேஜை என்னுடையது. விற்பனைக்கு ஒருவர் இருக்கிறார், கழுத்தில் எப்போதும் அளவு நாடா தொங்கும், தூங்கும்போதாவது கழற்றுவாரா என்று எனக்குச் சந்தேகம். அவருக்குக் கடைத்தெரு முழுக்க 'மீட்டர்' என்றுதான் பெயர்.

மாமனாரைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். அவரிடம் யாரும் கேள்வி கேட்பதில்லை. அவர் கோபக்காரர் இல்லை. கோபப்பட்டாலாவது பரவாயில்லை. கேள்வி கேட்டால் காதில் விழாதது மாதிரி கம்பளத்தைத் தட்டிக்கொண்டிருப்பார். கேட்டவருக்குத்தான் அசிங்கமாக இருக்கும். அவர் பெற்ற பிள்ளைகளே அவரைக் கேட்பதை எப்போதோ விட்டுவிட்டார்கள். மருமகள்கள் நாங்கள் வாயைத் திறப்போமா? அவர் சொல்வார், நாங்கள் "சரி மாமா" என்போம். எங்கள் வீட்டு வழக்கம் அது.

போன வருஷம் அவருக்குக் கை நடுங்க ஆரம்பித்தது. ஒவ்வொரு கம்பளத்தின் மூலையிலும் நூலில் கட்டித் தொங்கவிடும் அட்டைச் சீட்டை அவர்தான் எழுதுவார். எங்கள் தெருவில் பல நாட்டு ஆட்களும் வந்து வாங்குவதால் எல்லாம் ஆங்கிலத்தில் இருக்கும். எந்த வகைக் கம்பளம், நீளம் அகலம், கம்பளியா பருத்தியா. விலை மட்டும் இருக்காது. எங்கள் கடையில் விலையை வாயால்தான் சொல்வது. கை நடுங்கி எழுத்து கோணிப்போனதும், சீட்டைத் தான் எழுதட்டுமா என்று கேட்க ஏனக்கா தன் கணவரை மாமனாரிடம் தூது அனுப்பினாள். அவள் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும், அதில் எனக்கே பொறாமை உண்டு.

மாமனார் இரண்டு நாள் பதில் சொல்லவில்லை. பிறகு சாப்பிட்டுக் கை கழுவும்போது சொன்னார். "எழுதட்டும். ஆனா ஒரு தப்பு வந்தாலும் மேலே போயிடணும்."

அவளுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று எனக்குத்தான் தெரியும். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவள் மேல் வீட்டிலேயே இருந்தவள். மேலே என்ன நடக்கும்? குக்கர் விசில் அடிக்கும், துணி காயும். கீழேதான் ஆட்கள் வருவார்கள், போவார்கள், எங்கெங்கோ பிறந்தவர்கள், என்னென்னவோ பேசுகிறவர்கள். அவளைப்போல் கேட்டுக்கொண்டே இருக்கிற ஒருத்திக்கு அந்தப் படிக்கட்டில் இறங்கிவர ஒரு காரணம் கிடைத்ததே போதும். முதல் நாள் அவள் பேனாவைக் கையில் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்துச் சிரித்த சிரிப்பு இருக்கிறதே, எனக்குக் கண் கலங்கிவிட்டது. காட்டிக்கொள்ளவில்லை. "அக்கா, மை சிந்தாம எழுதுங்க" என்று மட்டும் சொன்னேன்.

மாமனார் வருஷத்துக்கு இரண்டு தடவை சரக்கு எடுக்க வெளியூர் போவார். அந்த முறை போகும்போது, "கம்பளச் சிப்பம் எனக்கு முன்னாடியே வந்துடும். உள்ளே ஒவ்வொண்ணுலயும் பென்சில்ல எழுதியிருப்பேன். அதைப் பார்த்து எழுது" என்று சொல்லிவிட்டுப் போனார். அதே வாரம் மீட்டரும் மகள் பிரசவத்துக்கு லீவு போட்டார். சிப்பம் வந்தது. பிரித்த ஐந்தாவது நிமிஷம் ஏனக்கா ஆரம்பித்தாள்.

"இங்க பாரேன். இதுல பெர்சியனுக்குப் பெரிய பி போட்டிருக்காரு. இதுல சின்ன பி. ஏன்?"

நான் எட்டிப் பார்த்தேன். அந்த எழுத்து பெரிதானாலும் சின்னதானாலும் ஒரே முகம்தான். பெரியது கோட்டின் மேல் நிற்கும், சின்னது கோட்டுக்குக் கீழே காலைத் தொங்கப்போடும், அவ்வளவுதான் வித்தியாசம்.

"கை நடுங்கியிருக்கும்."

"டர்க்கிஷ்லயும் அப்படித்தான் இருக்கு. இது பெரிய டி, அது சின்ன டி."

"அப்ப ரெண்டு தடவை நடுங்கியிருக்கும். என் தலையைத் தின்னாதீங்க அக்கா, எனக்கு பில் இருக்கு."

நியாயமாகப் பார்த்தால் மாமனாருக்கு ஒரு போன் போட்டிருக்க வேண்டும். அது எங்கள் இருவருக்குமே தோன்றவில்லை. சொல்லப்போனால், தோன்றாத அளவுக்குப் பழகிப்போயிருந்தது.

எதிர்க் கட்டடத்தின் மாடியில் ஆங்கிலம் சொல்லித்தரும் வகுப்பு நடக்கிறது. அந்த டீச்சர் கால்மிதி வாங்க வந்தார். வாங்க வந்தவர் முக்கால் மணி நேரம் நின்றார், பாவம்.

"நாட்டுக்காரங்க பேரு, மொழி பேரு, எங்க வந்தாலும் பெரிய எழுத்துதாங்க. இங்கிலீஷ், தமிழ், பெர்சியன் எல்லாமே" என்றார் டீச்சர்.

"ஏங்க?"

"அது ஒரு குறிப்பிட்ட பேரு இல்லையா, அதனால."

"அப்ப கணக்குப் பாடம், சரித்திரப் பாடம்?"

"சின்ன எழுத்து."

"இங்கிலீஷ் பாடத்துக்கு மட்டும் பெரிய எழுத்தா! கணக்கு வாத்தியார் சண்டைக்கு வரலையா?"

டீச்சர் சிரித்துவிட்டார். சிரித்தது தப்பு. அதற்கப்புறம் ஏனக்காவை நிறுத்த முடியவில்லை. திங்கள் செவ்வாய்க்குப் பெரிய எழுத்து, மாதங்களுக்குப் பெரிய எழுத்து, ஆனால் கோடைக்கும் குளிர்காலத்துக்கும் சின்னது. டாக்டர், டிரைவர், சமையல்காரர் எல்லாம் சின்னது. 'நான்' என்பதற்குப் பெரிய எழுத்து, 'நீ' என்பதற்குச் சின்னது. இதைக் கேட்டதும் அவள் கன்னத்தில் கை வைத்துக்கொண்டாள்.

"எதிர்ல நிக்கறவங்களை நீங்கன்னு நாம தூக்கி வைக்கிறோம். இவங்க தன்னையே தூக்கி வச்சுக்கறாங்களே!"

"அப்படியெல்லாம் அர்த்தம் இல்லைங்க..."

"சரி, ஜன்னலுக்குப் போடற வெனிஷியன் பிளைண்டுக்கு?"

டீச்சர் கொஞ்சம் யோசித்தார். "அது ஊர் பேர்லேருந்து வந்த சொல்லு. ஆனா எல்லார் வீட்டு ஜன்னல்லயும் தொங்கி தொங்கி, ஊரையே யாரும் நினைக்கிறதில்லை. அதனால சில அகராதியில சின்னதா போடுவாங்க, சிலதுல பெரிசா. ரெண்டு கட்சி இருக்கு. ஆனா மொழிக்கும் நாட்டுக்காரங்களுக்கும் ஒரே கட்சிதான். பெரிய எழுத்து."

அதோடு விட்டாளா? ஜெர்மன் மொழிக்காரர் ஒருவர் படுக்கையறைக்கு விரிப்பு வாங்க வந்தார். அவரிடம் கேட்டால், அவர்கள் மொழியில் நாற்காலி மேஜைக்குக்கூடப் பெரிய எழுத்தாம், பொருளின் பெயர் என்றாலே பெரிய எழுத்தாம். பிரெஞ்சு பேசும் ஒரு அம்மா திரைச்சீலைக் கம்பிக்கு வந்தார். அவர்கள் மொழியில் மொழியின் பெயருக்கே சின்ன எழுத்துதானாம், 'பிரெஞ்சு' என்று எழுதினால்கூட. ஏனக்கா வியந்து வியந்து மாய்ந்துபோனாள். ஒரே மாதிரி ஏபிசிடியை வைத்துக்கொண்டு ஆளுக்கொரு நியாயம் வைத்திருக்கிறார்களே என்று அவளுக்கு மனசே ஆறவில்லை.

"நமக்கு இந்தத் தொல்லையே இல்லை பாரு. பெரிசும் கிடையாது, சின்னதும் கிடையாது" என்றாள்.

"நம்ம எழுத்துக்குக் கொம்பு இருக்கே அக்கா. ஒத்தைக் கொம்பு, இரட்டைக் கொம்பு."

"கொம்பு முளைச்சாலும் எல்லாம் ஒரே உயரம்தானே?"

அதற்கு நான் என்ன சொல்வது? உண்மையாகவே சொல்கிறேன், அந்த நாட்களில் எனக்கும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டது. பில் போடும்போது என் கையும் நின்று நின்று யோசித்தது.

கடைசியில் தெளிந்துவிட்டாள். ஜன்னல் பிளைண்டை இரண்டு கட்சிக்கும் பொதுவாக அப்படியே விட்டாள். கம்பளச் சீட்டில் மட்டும் பெர்சியன், டர்க்கிஷ், ஆப்கன் எல்லாவற்றுக்கும் பெரிய எழுத்து. புதுச் சிப்பத்தில் வந்ததை மட்டுமா எழுதினாள், கடையில் ஏற்கெனவே தொங்கிய சின்ன எழுத்துச் சீட்டுகளையும் கத்தரித்துவிட்டுப் புதிதாக எழுதிக் கட்டினாள். கடை பார்க்கவே பளிச்சென்று இருந்தது. "மாமா வந்து பார்த்தா அசந்துடுவாரு" என்றாள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

மீட்டர் பேத்தி பிறந்த சந்தோஷத்தோடு திரும்பி வந்தார். மறுநாள் ஓய்வுபெற்ற நர்ஸ் அம்மா ஒருவர் கடைக்கு வந்தார். வயதானவர், முதுகு நிமிர்ந்து நடப்பார், குரலில் வார்டு அதிகாரம் இன்னும் போகவில்லை. இளம் வயதில் பாரசீகக் கம்பளம் நெய்கிற நாட்டிலேயே ஒரு ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தவராம். அவசரமாகக் கிளம்பிவர நேர்ந்ததால் ஒரு கைக்குட்டைகூட அங்கிருந்து எடுத்து வரவில்லையாம்.

"சாகறதுக்குள்ள அங்க நெய்ததுல ஒண்ணு என் வீட்டுல கிடக்கணும்" என்றார்.

புதுச் சிப்பத்தில் வந்த சிவப்புக் கம்பளம் ஒன்றின் முன்னால் நின்றார். முழங்காலை மடக்கி உட்கார்ந்து தடவிப் பார்த்தார். "இது அங்கேருந்துதான் வந்ததா?" என்று நேராகக் கேட்டார்.

மீட்டர் சீட்டைத் திருப்பிப் பார்த்தார். "ஆமாம்மா. அசல்" என்று சொல்லி விலையையும் சொன்னார். நல்ல விலை. நர்ஸ் அம்மா பேரமே பேசவில்லை. அவர் கண் நிறைந்திருந்தது.

ஏனக்கா சும்மா இருப்பாளா? அந்த நாட்டு மொழியில் நன்றிக்கு என்ன சொல்வார்கள் என்று கேட்டாள். பல விதமாகச் சொல்லலாம், ஆனால் சாதாரணமாக 'மெர்சி' என்பார்கள் என்றார் நர்ஸ் அம்மா. "அது பிரெஞ்சாச்சே!" என்று ஏனக்கா துள்ளினாள். "ஆமா, எப்பவோ வாங்கினாங்க, திருப்பித் தரலை" என்று நர்ஸ் அம்மா முதல் தடவையாகச் சிரித்தார். அவர்கள் எழுத்திலும் பெரியது சின்னது கிடையாது என்று அவர் சொன்னதும் இவளுக்கு ஏதோ சொந்தக்காரரைக் கண்டுபிடித்த மாதிரி ஆகிவிட்டது. போகும்போது இருவரும் கையைப் பிடித்துக்கொண்டு பேசினார்கள். வேனில் கம்பளம் போயிற்று.

நாலு நாள் கழித்து மாமனார் வந்தார். பையைக்கூடக் கீழே வைக்கவில்லை. வாசலில் நின்றே ஒரு சீட்டைப் பார்த்தார், அடுத்ததைப் பார்த்தார், வரிசையாகப் பார்த்துக்கொண்டே உள்ளே போனார். முகத்தில் ஈயாடவில்லை.

"யாரு மாத்தினது?"

ஏனக்கா ஆசையாக முன்னால் வந்தாள். "நான்தான் மாமா. டீச்சரைக் கேட்டு..."

"பெரிய எழுத்து போட்டா அது அந்த நாட்டுல நெய்தது. சின்ன எழுத்து போட்டா அந்த மாதிரி டிசைன், வேற இடத்துல நெய்தது. முப்பது வருஷமா அப்படித்தான். மீட்டர் அதைப் பார்த்துத்தான் விலையே சொல்றாரு."

மீட்டர் கழுத்து நாடாவைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். இரண்டு வகையும் கையால் முடிச்சுப் போட்டவைதான், இரண்டும் கம்பளிதான். பின்பக்கம் திருப்பிப் பார்த்துப் பிரித்துச் சொல்ல மாமனார் ஒருவரால்தான் முடியும். மீட்டர் சீட்டை நம்புகிறவர். புதுச் சிப்பத்தில் பெரிய எழுத்து கொஞ்சம் அதிகமாக இருக்கிறதே என்று நினைத்தாராம், முதலாளி இந்தத் தடவை நல்ல சரக்காகப் பிடித்துவிட்டார் என்று சந்தோஷப்பட்டாராம்.

"அந்தச் சிவப்பு?" என்று மீட்டர் மெதுவாகக் கேட்டார்.

"சின்ன எழுத்து" என்றார் மாமனார்.

அதை நர்ஸ் அம்மாவுக்கு அசல் விலைக்கு விற்றதை மீட்டர் சொன்னார். பில் போட்டது நான்.

"மாமா, இதை ஏன் யார்கிட்டயும் சொல்லலை?" என்றாள் ஏனக்கா. மாமனாரிடமே கேட்டுவிட்டாள்.

"தெருவுல போறவங்களை எல்லாம் கேட்டிருக்கே. என்னைக் கேட்டியா?"

எனக்குக் கோபம் கோபமாக வந்தது. கேட்டால் கம்பளத்தைத் தட்டிக்கொண்டிருக்கிற மனுஷர், கேட்கவில்லை என்று இப்போது குற்றம் சொல்கிறாரே! ஆனால் அவர் சொன்னது பொய்யும் இல்லை. அதுதான் இன்னும் எரிச்சல்.

"சரி மாமா, என் தப்புதான். அந்தம்மாகிட்டே சொல்லிடலாம்."

"வேண்டாம். அவங்க சந்தோஷமா எடுத்துட்டுப் போயிட்டாங்க. இப்ப போய்ச் சொன்னா கடை பேர்தான் நாறும். மத்த சீட்டை நான் சரி பண்ணிக்கறேன்."

"சின்ன எழுத்து போட்டா, வாங்கறவங்களுக்கு அது எப்படி மாமா தெரியும்?"

"கேட்டா சொல்லுவோம்."

"அந்தம்மா கேட்டாங்களே" என்றாள்.

மாமனார் பையை எடுத்துக்கொண்டார். "நான் அன்னிக்கே சொன்னேன். மேலே போ."

மேலே என்றால் மேலேதான், திரும்ப இறங்க முடியாது. அது அவளுக்கும் தெரியும். படிக்கட்டு வரைக்கும் போனாள். கைப்பிடியைப் பிடித்தாள். பிறகு திரும்பி, செருப்பை மாட்டிக்கொண்டு, வாசல் வழியாகத் தெருவில் இறங்கிவிட்டாள். மேஜையைப் பூட்டிவிட்டு அவள் பின்னால் ஓடினேன். நான் ஏன் ஓடினேன் என்று கேட்டால், அவளைத் தனியாக விட மனசு வரவில்லை, அவ்வளவுதான்.

நர்ஸ் அம்மா வீடு இரண்டு தெரு தள்ளி, இரண்டாம் மாடி. ஒரே அறை, ஓரமாகச் சமையல் மேடை. கம்பளம் அந்த அறைக்குக் கொஞ்சம் பெரிது, ஒரு பக்கம் கட்டிலுக்கு அடியில் போயிருந்தது. அதன்மேல் ஒரு நாற்காலிகூடப் போடாமல் எல்லாச் சாமானையும் சுவரோரமாக ஒதுக்கி வைத்திருந்தார். எங்களைப் பார்த்ததும், "வாங்க வாங்க, செருப்பைக் கழட்டிட்டு மேலே நடந்து பாருங்க" என்றார்.

ஏனக்கா செருப்பைக் கழற்றினாள். ஆனால் கம்பளத்தில் கால் வைக்கவில்லை. ஓரத்தில் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். சீட்டு, பெரிய எழுத்து, சின்ன எழுத்து, டீச்சர், தான் மாற்றி எழுதியது, ஒன்றையும் மறைக்கவில்லை, யார் தலையிலும் போடவில்லை.

நர்ஸ் அம்மா கட்டிலில் உட்கார்ந்தார். நாங்கள் எதிர்பார்த்த மாதிரி அவர் பெருந்தன்மையாக எதுவும் சொல்லவில்லை.

"எதுக்கு வந்து சொன்னே? தெரியாமலே இருந்திருப்பேனே. தினம் காலையில எழுந்து காலை இதுலதான் வைக்கிறேன்."

"நீங்க அன்னிக்குக் கேட்டீங்கம்மா. தப்பான பதில் சொல்லிட்டோம்."

"எடுத்துக்கோ. சுருட்டு. கண்ணுல படக்கூடாது."

கட்டிலைத் தூக்கி, கம்பளத்தை உருவி, சுருட்டி, இரண்டு பேரும் தோளில் வைத்துக்கொண்டு படியிறங்கினோம். கம்பளம் இவ்வளவு கனக்கும் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. முன்பக்கம் அவள், பின்பக்கம் நான். ஏனக்கா அழுதுகொண்டே நடந்தாள். தெருவே பார்த்தது. நர்ஸ் அம்மா எங்கள் பின்னால் நிமிர்ந்து நடந்து வந்தார்.

மாமனார் கடை வாசலில் நின்றுகொண்டிருந்தார். இரண்டு மருமகள்களும் கம்பளத்தைச் சுமந்து வருவதை அவர் வாழ்க்கையில் பார்த்திருக்க மாட்டார். வழியை விட்டு ஒதுங்கி நின்றார்.

"இதுதான் டிசைன் சரக்கு, சரி. அசலா அங்கேருந்து வந்தது எது? காட்டுங்க" என்றார் நர்ஸ் அம்மா.

மாமனார் உள்ளே போய் நீலக் கம்பளம் ஒன்றை விரித்தார்.

"நிச்சயமா?"

மாமனார் பதில் சொல்லக் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொண்டார். "நிச்சயம்" என்றார்.

நர்ஸ் அம்மா அவரையே பார்த்தார். நோயாளி மாத்திரையை விழுங்கினானா, நாக்குக்கு அடியில் ஒதுக்கிவிட்டானா என்று பார்க்கிற பார்வை. பிறகு, "எனக்கு எதுவும் வேண்டாம், பணத்தைக் கொடுங்க" என்றார். நான் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் போய்விட்டார்.

மீட்டர் சிவப்புக் கம்பளத்தை ஓரமாக உருட்டிக்கொண்டு போனார். மாமனார் ஸ்டூலில் உட்கார்ந்தார். ஏனக்கா முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"மேலே போறேன் மாமா" என்றாள். "போறதுக்கு முன்னாடி ஒண்ணு கேட்கட்டுமா?"

மீட்டர் உருட்டுவதை நிறுத்திவிட்டார். மாமனாரின் கை பக்கத்தில் கிடந்த கம்பளத்தின்மேல் போயிற்று. தட்டப்போகிறார் என்று நினைத்தேன். தட்டவில்லை.

"கேளு."

"அந்தம்மா நிச்சயமான்னு கேட்டப்ப ஏன் மாமா யோசிச்சீங்க?"

அவர் நீலக் கம்பளத்தின் ஓரத்தைத் திருப்பிப் பின்பக்கத்தைத் தடவினார். "எனக்கு வித்தவர் அப்படித்தான் சொன்னாரு. முடிச்சைப் பார்த்தா அங்க போட்ட மாதிரியும் இருக்கு, இல்லாத மாதிரியும் இருக்கு."

"அவரைத் திருப்பிக் கேட்டீங்களா?"

"கேட்கலை."

"இந்த மாதிரி தெரியாதது கடையில இன்னும் இருக்கா?"

"நாலஞ்சு இருக்கும்."

"அதுக்கெல்லாம் என்ன எழுத்து போட்டீங்க மாமா?"

மாமனார் தலையைக் குனிந்துகொண்டார். எனக்கு அவர்மேல் இருந்த கோபமெல்லாம் அந்த இடத்திலேயே வடிந்துவிட்டது. முப்பது வருஷமாக அவரிடம் யாராவது ஒருவர் இதைக் கேட்டிருக்கக் கூடாதா என்று இருந்தது. பாவமாக இருந்தது.

"பெரிய எழுத்து" என்றார்.

ஏனக்கா படிக்கட்டுப் பக்கம் போகவில்லை. என் மேஜையிலிருந்து கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டாள்.

"எது எதுன்னு காட்டுங்க மாமா" என்றாள்.

அவர் எழுந்து முன்னால் நடந்தார், அவள் பின்னாலேயே போனாள். நானும் மேஜையை விட்டு எழுந்து போனேன்.